ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தமிழ் வாசிப்பைத் தொடங்கும் முறை

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு 247 எழுத்துகளையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொற்களைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை எளிதில் பற்றிக்கொள்ளும் குழந்தைகள் இவர்களிடையே பலர் என்பதால், பொருளோடு ஒட்டிய முழுச் சொல்லில் தொடங்குவதே பெரும்பாலும் நல்லது.

முதல் சொற்களைக் குழந்தையின் விருப்பத்திலிருந்து எடுங்கள். ரயில் மீது உயிராக இருக்கும் பிள்ளைக்கு ‘ரயில்’தான் முதல் பாடம். பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் ‘பால்’, ‘பூ’ போன்றவை அடுத்து வரலாம். வீட்டில் ‘தண்ணி’ என்றே கேட்டுப் பழகிய குழந்தைக்கு ‘தண்ணீர்’ வேறொரு பொருளாகத் தோன்றக்கூடுமாதலால், அத்தகைய சொற்களைச் சற்றுத் தள்ளிவையுங்கள்.

வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் சொல்லை மட்டும் பெரிதாக எழுதுங்கள். படமும் அதே அட்டையில் இருந்தால் குழந்தை படத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடும். முதலில் ஒரே சொல் எழுதிய இரு அட்டைகளைச் சேர்க்கச் செய்து, பிறகு சொல்லைப் பொருளோடு சேர்க்கச் செய்து, அதன்பின் “ரயில் எடு” என்று கேளுங்கள். வாயால் வாசிப்பது கடைசிப் படி. பேசாத குழந்தை சரியான அட்டையைத் தொட்டுக் காட்டினால் அதுவும் முழுமையான வாசிப்பே; பேச்சு வரட்டும் என்று வாசிப்பைத் தள்ளிப்போடுவது அக்குழந்தைக்குச் செய்யும் அநீதி. தவறினால் கண்டிக்காமல் சரியான அட்டையைக் காட்டி, தெரிவுகளை இரண்டாகக் குறையுங்கள்.

சில சொற்கள் பழகியதும் அவற்றிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டலாம். இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘தோசை’யின் இரண்டு எழுத்துகளிலும் கொம்பு மெய்க்கு இடப்பக்கம் நிற்கிறது, அதன் ஒலியோ மெய்க்குப் பிறகே வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே நோக்கும் குழந்தை இதில் தடுமாறும். ஆகவே ‘தோ’ என்பதை உடைக்காமல் ஒரே துண்டாக வெட்டிக் கொடுத்து, ‘தோடு’, ‘தோள்’ என வேறு சொற்களிலும் அதைக் கண்டுபிடிக்கச் செய்யுங்கள்.

சில குழந்தைகள் யாரும் கற்பிக்காமலே கடைப் பலகைகளையெல்லாம் சரளமாக வாசிப்பார்கள், ஆனால் பொருள் எட்டியிருக்காது. இதை ஹைப்பர்லெக்சியா என்பர். இவர்களுக்குக் கூடுதல் எழுத்துப் பயிற்சி தேவையில்லை. “பந்தைப் பெட்டிக்குள் போடு” என்று எழுதிக் கொடுத்து, வாயாலோ சைகையாலோ எதையும் உணர்த்தாமல் காத்திருங்கள். செய்யவில்லையென்றால் ‘உள்ளே’, ‘மேலே’, ‘கீழே’ ஆகியவற்றைப் பொருள்களை வைத்தே காட்டிவிட்டு, அதே சீட்டை மீண்டும் கொடுங்கள்.