பாகலில் தாய்க்கொடி தேர்வும் கையால் மகரந்தம் சேர்ப்பதும்

காய்ப்பை மட்டும் பார்த்துத் தாய்க்கொடி (விதைக்காக வைக்கும் கொடி) பொறுக்கினால் பாகலில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எருக்குழி ஓரம் நின்ற கொடியும் கூடைகூடையாகக் காய்க்கும். அது எருவின் வேலை, விதையில் இறங்காது. பூவைத்தான் எண்ண வேண்டும். முதல் பெண்பூ எந்தக் கணுவில் வருகிறது, ஒரு பெண்பூவுக்கு எத்தனை ஆண்பூ, இந்த இரண்டும் முக்கியம். பூவுக்கு அடியில் முள்முள்ளாகக் குட்டிப் பாகல் தெரிந்தால் பெண்பூ; வெறும் காம்பு என்றால் ஆண்பூ.

வித்திலைக் கணுவை (முளைக்கும்போது முதலில் வரும் இலைகளின் கணு) விட்டுவிட்டு, முதன்மைக் கொடியில் மட்டும் எண்ணுங்கள். பக்கக்கிளையைச் சேர்த்தால் கணக்கு கெடும். வகைக்குப் பத்துக் கொடியாவது வேண்டும். பூ ஒருநாள்தான் விரிந்திருக்கும் என்பதால் தினமும் காலையில் எண்ண வேண்டும்.

தேர்வுப் பாத்தியில் எத்ரல் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்தைத் தெளிக்கவே கூடாது. சாகுபடிக்கு அது நல்லதுதான், பெண்பூவைக் கூட்டும். ஆனால் அதனாலேயே எது கொடியின் இயல்பு, எது மருந்தின் வேலை என்று தெரியாமல் போகும். தழைச்சத்து மிகுந்தாலும், வெயில் கடுத்துப் பகல் நீண்டாலும் ஆண்பூ பெருகும். ஆகவே தைப் பட்டம், ஆடிப் பட்டம் இரண்டிலும் விதைத்துப் பார்த்து, இரண்டிலும் கீழ்க்கணுவிலேயே பெண்பூ விடும் கொடியை வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கை முதல்நாள் மாலையே தொடங்கிவிடும். மறுநாள் விரியப்போகும் மொட்டு உப்பி, நுனியில் மஞ்சள் காட்டும். அத்தகைய பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் தனித்தனியாக பட்டர் பேப்பர் உறையில் மூடிவிடுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், உள்ளே வேர்த்து மகரந்தம் நனைந்துவிடும். விடியற்காலையில் பூ விரிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மடல்கள் எல்லாவற்றிலும் மகரந்தப் பொடி ஒட்டும்படி மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும், விதையும் குறையும். உடனே மறுபடி உறையிட்டு, தாய், தந்தை, தேதி எழுதிய சீட்டைக் காம்பில் கட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் உறையைக் கழற்றலாம்.

பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் நேரம் தப்பியிருக்கும்: வெயில் ஏற ஏற மகரந்தம் வீரியம் இழக்கும். இல்லையென்றால் கொடியில் ஏற்கெனவே காய் பாரம் அதிகம். தேனீ சேர்த்த காய்களை முன்கூட்டியே கிள்ளிவிட்டால் சத்து உங்கள் காய்க்குப் போகும்.

பெண்பூ மட்டுமே விடும் கொடிகளும் உண்டு. அந்தக் குணம் ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் மரபணுவால், வருவது. சாதாரணக் கொடியோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் மறைந்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் நான்கில் ஒன்றில் தலைகாட்டும். முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காய் ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பத் தொடங்கியதும் பறித்துவிடுங்கள். விட்டால் வெடித்து விதை மண்ணில் சிந்தும், எது எந்தச் சேர்க்கை என்றே தெரியாது. சிவப்புச் சதையை மணலோடு தேய்த்துக் கழுவி, விதையை நிழலில் உலர்த்துங்கள்.