அவே ரொட்டேஷனும் இன்டர்வியூவும் ஒரே மாதத்தில்: எங்கே சறுக்குகிறார்கள்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நாலாம் ஆண்டில் இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஒன்று அவே ரொட்டேஷன்: தன் கல்லூரியை விட்டு, பின்னால் ரெசிடென்சி (படிப்பு முடித்தபின் ஒரு துறையில் பெறும் சிறப்புப் பயிற்சி) சேர ஆசைப்படும் வேறொரு மருத்துவமனையில் போய் நான்கு வாரம் வேலை பார்ப்பது. இன்னொன்று ரெசிடென்சி இன்டர்வியூ. அவே ரொட்டேஷனே நான்கு வாரம் நீளும் ஓர் இன்டர்வியூதான். அதை மறந்துவிட்டு இரண்டுக்கும் தனித்தனியாக நாள் குறிப்பவர்கள்தான் அக்டோபரில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். நான் எமர்ஜென்சி மெடிசின். அன்று நான் செய்த தப்புகளையும், இப்போது எங்களிடம் ரொட்டேஷனுக்கு வரும் பிள்ளைகள் செய்வதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் சறுக்கல் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில். செப்டம்பர் கடைசி வாரத்தில் ப்ரோக்ராம்கள், அதாவது ரெசிடென்சி தரும் இடங்கள், விண்ணப்பங்களைத் திறந்து படிக்கத் தொடங்கிவிடும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இன்டர்வியூ. ஆகவே அவே ரொட்டேஷனிலிருந்து ஒரு நல்ல சிபாரிசுக் கடிதம் வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட், மிஞ்சினால் செப்டம்பர் தொடக்கம். எங்கள் துறையில் ‘ஸ்லோ’ என்று ஒரு கடிதம் உண்டு. உங்களை அந்த இடத்துக்கு வந்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு ஒரே படிவத்தில் எழுதித் தருவார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 வெறும் பாஸ்/ஃபெயில் ஆனபிறகு, ஸ்டெப் 2 மதிப்பெண்ணுக்கும் இப்படிப்பட்ட கடிதங்களுக்கும் கனம் கூடிவிட்டது. அக்டோபரில் போகும் ரொட்டேஷனின் கடிதம் முதல் சுற்று வாசிப்புக்கு வந்து சேராது. ஆனால் அந்த மாதத்தில்தான் இன்டர்வியூ அழைப்புகள் குவியும். லாபம் பாதி, அலைச்சல் இரண்டு மடங்கு.

‘எனக்கு ஆகஸ்ட் கிடைக்கவில்லை, அக்டோபர்தான் கிடைத்தது’ என்பவர்களும் உண்டு. அது தப்பில்லை. அப்படியென்றால் அந்த மாதத்தில் இன்டர்வியூ வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். கண் மருத்துவத்துக்கும் யூராலஜிக்கும் போகிறவர்கள் கணக்கை இன்னும் முன்னால் தள்ள வேண்டும். மற்ற துறைகளுக்கு மேட்ச் (மாணவரும் ப்ரோக்ராமும் தரும் விருப்பப் பட்டியல்களை, அதாவது ரேங்க் லிஸ்டுகளை, ஒப்பிட்டு இடம் ஒதுக்குவது) மார்ச்சில் என்றால், இவர்களுக்கு முடிவு மார்ச்சுக்கு முன்பே வந்துவிடும்.

ஸ்டெப் 2 தேர்வை இரண்டு அவே ரொட்டேஷனுக்கு நடுவில் உள்ள ஒரு வாரத்தில் செருகுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒன்பது மணி நேரத் தேர்வு அது. மதிப்பெண் வர வாரங்கள் ஆகும். அதை முதலில் முடித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

எத்தனை அவே போவது என்பது இன்னொன்று. ஆர்த்தோபீடிக்ஸ், நியூரோசர்ஜரி போன்ற துறைகளில் இரண்டு மூன்று போவது வழக்கமாகிவிட்டது. அங்கே அதைத் தவிர்ப்பது கடினம். இன்டர்னல் மெடிசினுக்கும் குழந்தை மருத்துவத்துக்கும் பெரும்பாலானோருக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. இருந்தும் ‘பக்கத்து சீட்டுக்காரன் மூன்று போகிறான்’ என்பதற்காகப் போகிறார்கள். ஊரில் ஒரு வாடகை, போன இடத்தில் ஒரு வாடகை. மூன்றாவது மாதம் எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இருக்க மாட்டீர்கள். களைத்த முகத்தைப் பார்த்துத்தான் அங்கே மதிப்பெண் போடுவார்கள்.

இனி எனக்கு ஆதங்கமான விஷயத்துக்கு வருகிறேன். விடுப்பு கேட்பது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு தனிப் பிரச்சினை. சென்ற வருடம் வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இரண்டாவது வாரம் வரை வாயே திறக்கவில்லை. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் இரவு என்னிடம் வந்து, “அக்கா, நாளைக்கு லீவு கேட்டா தப்பா நினைப்பாங்களோ?” என்றாள். நாளைக்குக் கேட்டால் நினைப்பார்கள்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒருவரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். இங்கே இருக்கும் ஒவ்வொரு ரெசிடென்டும் இதே சீசனைக் கடந்து வந்தவர்தான். நாலாம் ஆண்டு மாணவருக்கு இலையுதிர் காலத்தில் இன்டர்வியூ இருக்கும் என்பது யாருக்கும் அதிசயமில்லை. ஷிஃப்ட் பட்டியல் போட்டபிறகு அதைக் கலைப்பதுதான் எரிச்சல்.

ரொட்டேஷன் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே கோஆர்டினேட்டருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். ‘இந்த நான்கு வாரத்தில் எனக்கு இன்டர்வியூ வரக்கூடும். எத்தனை நாள்வரை அனுமதி உண்டு? யாரிடம் சொல்ல வேண்டும்? அதற்கு ஈடாக எந்த ஷிஃப்ட் பார்க்கட்டும்?’ இந்த மூன்று கேள்வி. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், உங்கள் பெயரைக் காப்பாற்றுவது அதுதான். கூடவே உங்கள் சொந்தக் கல்லூரியின் வருகைப்பதிவு விதியையும் பாருங்கள். போன இடத்தில் சரியென்று சொல்லி, கல்லூரியில் கிரெடிட் குறைந்துபோன கதையும் உண்டு.

எமர்ஜென்சியில் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளலாம், எளிது. அறுவை சிகிச்சைத் துறைகளில் அணியாக நகர்வார்கள். அங்கே சீஃப் ரெசிடென்டிடம் முதல் நாளே நேரில் சொல்லிவிடுவது உத்தமம். பெரிய கேஸ் உள்ள நாளும் இன்டர்வியூவும் மோதினால், வேறு தேதி இருக்கிறதா என்று இன்டர்வியூ பக்கம் முதலில் பாருங்கள்.

இதை எல்லாம் தவிர்க்க, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு இன்டர்வியூ போகிறவர்கள் சிலர். இருப்பதிலேயே மோசமான தப்பு இது. துறைகள் சின்னவை. நீங்கள் இன்டர்வியூ கொடுத்த இடத்தின் அட்டெண்டிங்கும் (பயிற்சி முடித்த மூத்த மருத்துவர்) நீங்கள் ‘வயிற்றுவலி’ என்று சொன்ன இடத்தின் அட்டெண்டிங்கும் ஒரே இடத்தில் ரெசிடென்சி செய்தவர்களாக இருப்பார்கள்.

அழைப்பு வரும் நேரம் அடுத்த தலைவலி. மின்னஞ்சல் வந்ததும் பல நல்ல தேதிகள் சட்டென்று போய்விடும். நீங்களோ ஆபரேஷன் தியேட்டரில் கையைக் கழுவி, கவுன் போட்டு, ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். போன் லாக்கரில். சில துறைகள் எல்லா அழைப்புகளையும் ஒரே நாளில் அனுப்பும் முறைக்கு மாறியிருக்கின்றன. உங்கள் துறையில் அப்படி நாள் இருந்தால் அதை முதலிலேயே குறித்து வைத்து, அன்று அரை மணி வெளியே வரலாமா என்று கேட்டுவிடுங்கள். மற்ற நாட்களுக்கு, ‘இன்டர்வியூ’ என்ற சொல் உள்ள மின்னஞ்சல்கள் நம்பிக்கையான ஒருவருக்குத் தானாகப் போகும்படி ஒரு வடிகட்டி போடலாம். எனக்கு அம்மாதான் அந்த உத்தியோகம் பார்த்தார். நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து நாலு தடவை விடாமல் மணியடித்தால் இன்டர்வியூ என்று அர்த்தம். ரொட்டேஷன் நாட்கள், கல்யாணம், தீபாவளி எல்லாம் குறித்த ஒரே நாட்காட்டி அவரிடமும் இருந்ததால் எந்தத் தேதி சரிப்படும் என்று உடனே சொல்லிவிடுவார். தீபாவளி ஒவ்வொரு வருடமும் சரியாக இந்த சீசனில்தான் வந்து மாட்டும்.

கொரோனாவுக்குப் பின், 2020லிருந்து, பெரும்பாலான இன்டர்வியூக்கள் திரையில்தான். விமானச் செலவு மிச்சம். ஆனால் ‘லஞ்ச் நேரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்’ என்ற ஆசை அதனால்தான் வருகிறது. மருத்துவமனைக்குள் உட்காராதீர்கள். வைஃபை பாதியில் நிற்கும், பின்னால் அலாரம் அலறும், சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் நோயாளியின் பெயர் தெரிந்தால் அது தனியுரிமைச் சட்ட மீறல். இரவு ஷிஃப்ட் முடித்த காலையில் நான் ஒரு இன்டர்வியூ கொடுத்தேன். அவர்களைப் பாராட்டுவதாக நினைத்து வேறொரு ப்ரோக்ராமின் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தை ரேங்க் லிஸ்டில் கீழே போட்டேன். அவர்களும் என்னை அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

நேர மண்டலம் தனிக் கண்ணி. என் தோழி அக்டோபரில் ஃபீனிக்ஸில் ரொட்டேஷனில் இருந்தாள். இன்டர்வியூ டென்வரில், ‘மவுண்டன் நேரம் காலை 10’. அரிசோனாவும் மவுண்டன் நேரம்தானே என்று பத்து மணிக்குக் கணினியைத் திறந்தாள். அரிசோனாவின் பெரும்பகுதி கோடைகாலத்துக்குக் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதில்லை. டென்வரில் அப்போது மணி 11. நவம்பர் முதல் ஞாயிறு மற்ற மாநிலங்கள் கடிகாரத்தைத் திருப்பியபின் இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும். மனக்கணக்கு வேண்டாம், நாட்காட்டியில் ஊர்ப்பெயரோடு பதியுங்கள்.

ரொட்டேஷன் போன இடம் தானாகவே இன்டர்வியூ தரும் என்று நினைத்து, அங்கே விருப்பத்தைக் காட்டும் ‘சிக்னல்’ அனுப்பாமல் விடுபவர்களும் உண்டு. சிக்னல் உள்ள துறைகளில் போன இடத்துக்கும் சொந்தக் கல்லூரிக்கும் அனுப்ப வேண்டுமா என்பதை அந்தந்தத் துறையின் அறிவுறுத்தலில் படியுங்கள். ‘அவர்களுக்கு என்னைத் தெரியுமே’ என்பது வாதமாகாது.

வேறெங்கே இன்டர்வியூ என்று ப்ரோக்ராம்கள் மாணவரிடம் கேட்கக்கூடாது என்பது மேட்ச் நடத்தும் என்ஆர்எம்பியின் விதி. ஆனால் நள்ளிரவில் காபி குடிக்கும்போது ரெசிடென்ட் யாராவது சாதாரணமாகக் கேட்பார். “சில இடங்கள் வந்திருக்கு” என்று சிரித்துவிட்டு நகருங்கள். பட்டியல் ஒப்பிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் எம்பிபிஎஸ் மாணவர்களுக்கும் ஒன்று. அமெரிக்க எலெக்டிவை (அங்கே ஒரு மருத்துவமனையில் விரும்பித் தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிற்சி) இன்டர்வியூ பயணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பட்டம் வாங்காத மாணவராக இருக்கும்போதுதான் நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் எலெக்டிவ். பட்டம் கைக்கு வந்தபின் பெரும்பாலும் பக்கத்தில் நின்று பார்க்கும் அப்சர்வர்ஷிப்தான். இன்டர்ன்ஷிப்பில் இருப்பவரை மாணவராக எடுத்துக்கொள்வார்களா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்டர்வியூவை ஊரிலிருந்தே கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் காலை 9 மணி என்றால் நவம்பர் நடுவில் சென்னையில் இரவு 10.30. அறைக்கதவில் ஒரு தாள் ஒட்டி, யுபிஎஸ்ஸில் சார்ஜ் இருக்கிறதா என்று மாலையிலேயே பார்த்துவிடுங்கள்.