மலையகத் தோட்டப் பாதைக்கு எடை குறைந்த ஜீப் கட்டுவது

ஜீப் கட்டப் போகிறீர்கள் என்றால் முதலில் எடையைப் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் ஊறிய மண்ணில் பாரமான வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும், இலேசான வண்டி மெதுவாக ஏறிப் போய்விடும்.

நான் கட்டியது பழைய சுசுகி எஸ்ஜே410. எஞ்சின் 970 சிசி, முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், எடை 850 கிலோவை ஒட்டித்தான். வாங்கும்போது பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், துரு தின்ற இடம் 'பொத்' என்று அமுங்கும், முக்கியமாக ஸ்பிரிங் பூட்டும் இடங்களில். அதை வெல்டிங் செய்து முடிக்கும்வரை வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

பின் இருக்கைகளைக் கழற்றி, உக்கிப்போன பின் பாடியை வெட்டி அலுமினியத் தட்டு அடித்தால் சின்ன டிரக் தயார். வெட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். எடை குறைக்கிறேன் என்று சேசியிலும், கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பாரிலும் கை வைக்கவே கூடாது. கூரையில் கேரியரும் வேண்டாம், சரிவில் மேலே இருக்கிற பாரம்தான் வண்டியைக் கவிழ்க்கும். வண்டியை 2 அங்குலம் உயர்த்தினால் போதும். டயரும் 28 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரிதாகப் போட்டால் இந்தச் சின்ன எஞ்சின் ஏற்றத்தில் திணறும்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். தோட்டத்துப் பாதை தோட்டத்துக்குச் சொந்தமானது, ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஹோர்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ரோட்டை விட்டுப் புல்லில் ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது. மண்பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள், டயர் அகலமாகப் பரந்து மண்ணைக் கிழிக்காமல் பிடிக்கும். இறக்கத்தில் லோ ரேஞ்சில் முதல் கியர், கிளட்சில் கால் வைக்காதீர்கள். ஏறிவரும் கொழுந்து லொறிக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் மேட்டு லயத்துக்குப் பின்னால், மழை விட்ட மறுநாளே இரண்டு ஜீப் மழைத் தண்ணீர் ஓடும் கானைக் கடந்து ஏறின. ஒரு சாண் ஆழத்துக்குத் தடம். அடுத்த மழைக்குத் தண்ணீர் கானை விட்டுவிட்டு அந்தத் தடத்திலேயே இறங்கி, பாதையைப் பாதிக்கு மேல் அரித்துவிட்டது. அந்த வாரமே பிரசவ வலி எடுத்த ஓர் அக்காவைக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், ஆட்டோவால் மேலே வர முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மேற்குச் சரிவுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா?

புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இறங்கி, மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் வெட்டுங்கள். வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச் கட்டுவதானால் அகலமான பட்டியைப் பெரிய மரத்தில் சுற்றிக் கட்டுங்கள், தேயிலைச் செடியில் கட்டவே கூடாது. ஓடையில் வண்டி கழுவாதீர்கள், கீழே லயத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வருவதும் அந்தத் தண்ணீர்தான். தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடித்து, சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள்.