மணற்கல்லில் காற்று சிக்குவதை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்தியவேடு, ஊத்துக்கோட்டை பக்கத்து இரும்புக்கறை படிந்த மணற்கல்லில் தண்ணீர் ஏறும்போது எல்லாத் துளையும் நிறைவதில்லை. சிலவற்றில் காற்று மாட்டிக்கொள்ளும். இதில் துளைச்சுவரின் சொரசொரப்புக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

சொரசொரப்பை வெறும் உராய்வாக நினைப்பதே பெரிய தவறு. தண்ணீர் நன்றாக ஒட்டும் குவார்ட்ஸ் சுவரில் நடப்பது வேறு. சுவரின் பள்ளங்கள் வழியே மெல்லிய நீர்ப்படலம் முன்கூட்டியே ஓடிவிடும். துளைகளை இணைக்கும் குறுகலான கழுத்தில் அது தடித்து, சுற்றிலும் வந்து கூடி, காற்றிழையை அறுத்துவிடும். அப்பாலுள்ள பெரிய துளையில் குமிழி தனியாக நிற்கும். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கழுத்துக்குள் காற்று மறுபடி நுழைய ஏறத்தாழ 14 கிலோபாஸ்கல் வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் அது. தண்ணீர் மெதுவாக ஏறினால் படலம் தடிக்க நேரம் கிடைக்கும், அறுபடுவதும் கூடும். ஆகவே ஏறும் வேகத்தைக் குறிக்காத அளவீட்டை வேறொன்றோடு ஒப்பிட முடியாது.

எண்ணெய் பட்டுத் தண்ணீரை விலக்கும் கல்லுக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். நீர்த்துளியின் விளிம்பு சுவரோடு உண்டாக்கும் கோணமே தொடுகோணம்; அது சிறிதானால் தண்ணீர் நன்றாக ஒட்டுகிறது என்று பொருள். வென்செல் என்ற ஆய்வாளர் 1936-இல் தந்த சமன்பாட்டின்படி, சொரசொரப்பால் உண்மையான பரப்பு தட்டைப் பரப்பைப்போல் 1.5 மடங்கானால் 60 பாகைத் தொடுகோணம் சுமார் 41 ஆகக் குறையும். 120 பாகையோ 139-ஐ நெருங்கும். ஒட்டுகிற பரப்பில் இன்னும் ஒட்டும், விலக்குகிற பரப்பில் இன்னும் விலக்கும்.

மாதிரியைத் தயாரிப்பதிலேயே பாதி கெட்டுவிடுகிறது. ரம்பம் அறுத்த முகத்தை அளந்து அதையே துளைச்சுவர் என்று எழுதுகிறார்கள்; அது ரம்பத்தின் தடம். சுவரைப் பார்க்க, உடைத்த முகத்தை எடுங்கள். அமிலத்தில் கழுவினால் இரும்பு ஆக்சைடு பூச்சு கரைந்து, அளக்க வந்த சொரசொரப்பே போய்விடும். களிமண் கலந்த கல்லை 105 பாகையில் உலர்த்தாமல் 60 பாகை செல்சியஸில், எடை மாறாமல் நிற்கும்வரை வைக்கவும்.

அளவீட்டுக்கு 38 மி.மீ. விட்டமும் 76 மி.மீ. நீளமும் உள்ள உருளை போதும். அடியிலிருந்து தண்ணீரை ஏற்றி நனைத்து எடை பாருங்கள்; பிறகு வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி, காற்று நீக்கிய தண்ணீரால் நிரப்பி மறுபடி பாருங்கள். எடுத்துக்காட்டாக, உலர்ந்தபோது 188 கிராம், நனைந்தபோது 200, வெற்றிடத்துக்குப் பின் 203 என்றால், 15 கிராம் கொள்ளும் துளைகளில் 3 கிராம் இடம் காற்றுக்கு: 20 சதவீதம். முதல் நனைப்புக்கும் காற்று நீக்கிய தண்ணீரை ஊற்றினால் சிக்கிய காற்று அதில் கரைந்து, விடை குறைவாக வரும். சாதாரணத் தண்ணீரிலும் நாட்கணக்கில் ஊறவிட்டால் குமிழிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்; எத்தனை மணி நேரம் ஊறியது என்பதை எடைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஸ்கேன் படத்தை நம்புவோர் ஒன்று பார்க்க வேண்டும்: படப்புள்ளி 5 மைக்ரோமீட்டர் என்றால், அதைவிடச் சிறிய பள்ளமெல்லாம் வழவழப்பாகவே தெரியும். படலம் ஓடும் வழி பெரும்பாலும் அந்தப் பள்ளங்களில்தான் இருக்கிறது.