போதை எதிர்ப்பு விளம்பரம் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினமான ஜூன் 26 நெருங்கினால் பள்ளிச் சுவர்களில் மண்டை ஓடும் ஊசியும் வரைந்த போஸ்டர்கள் ஏறிவிடும். வரைகிறவர்களுக்கு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனசும் கொட்டிக்கிடந்த பணமும் சேர்ந்தே சறுக்கிய கதை ஒன்று உண்டு. தூரிகையை எடுப்பதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1998 முதல் 2004 வரை அமெரிக்க அரசு ஏறக்குறைய 100 கோடி டாலர் செலவில் பதின்வயதினருக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களை நடத்தியது. மாதம் ஒரு விளம்பரமாவது பார்த்ததாகச் சொன்ன பிள்ளைகள் 94 சதவீதம். கண்ணில் பட்டதா என்று மட்டும் கேட்டிருந்தால் அமோக வெற்றி என்று முடித்திருப்பார்கள். நம்மில் பலர் செய்கிற முதல் தவறு அதுதான்: வியூஸையும் ஊர்வலத்துக்கு வந்த தலைகளையும் எண்ணிவிட்டுத் திருப்தி அடைவது. அங்கே நல்லவேளையாக, அதே பிள்ளைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள். ராபர்ட் ஹார்னிக் என்ற ஆய்வாளரின் குழு 2008இல் வெளியிட்ட முடிவு இது: விளம்பரங்கள் கஞ்சாவைத் தடுத்ததற்கு ஆதாரம் இல்லை. அதிகம் பார்த்தவர்களிடம் கஞ்சா வேண்டாம் என்ற உறுதி பிற்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்ததற்குக்கூட அறிகுறிகள் இருந்தன.

ஏன் இப்படி ஆனது? ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம் என்னை உலுக்கியது. இத்தனை தடவை எச்சரித்தால், ‘அப்போ எல்லாரும் அடிக்கிறாங்க போல’ என்றுதான் பிள்ளையின் மனதில் பதிகிறது. நம் மேடைகளில் ‘இன்றைய மாணவர் சமுதாயமே போதையில் மூழ்கிவிட்டது’ என்று முழங்குகிறோமே, அதைக் கேட்கும் எட்டாம் வகுப்புப் பையன், தான் ஒருவன்தான் பின்தங்கிவிட்டோமோ என்று நினைக்க மாட்டானா? உன் வகுப்பில் பெரும்பாலானவர்கள் இதைத் தொட்டதே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது, பயமுறுத்தல். 1987இல் வந்த அமெரிக்க விளம்பரத்தில் ஒருவர் முட்டையைக் காட்டி, இது உன் மூளை என்பார். கொதிக்கும் சட்டியில் உடைத்து ஊற்றி, போதை ஏறினால் இப்படித்தான் என்பார். பார்த்தவர்கள் மறக்கவில்லை. ஆனால் நினைவில் நிற்பது வேறு, பழக்கத்தை மாற்றுவது வேறு. மிகைப்படுத்தினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேற்று ஒரு இழுப்பு இழுத்த நண்பன் இன்று கிரிக்கெட் ஆடுவதைப் பிள்ளை பார்க்கிறான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நிஜமான ஆபத்தையும் நம்ப மாட்டான்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 2005இல் புண் பிடித்த முகங்களும் சொத்தைப் பற்களுமாக, மெத் (மெத்தம்ஃபெட்டமின்) என்ற போதைப்பொருளுக்கு எதிரான விளம்பரங்கள் நிறைந்தன. பயன்பாடு குறைந்தது, பாராட்டும் குவிந்தது. ஆனால் விளம்பரங்கள் வருவதற்கு முன்பே பயன்பாடு இறங்குமுகத்தில்தான் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்தபோது விளம்பரத்தின் பங்கு என்று சொல்ல ஏதும் மிஞ்சவில்லை.

அப்படியென்றால் விளம்பரமே வீணா? இல்லை. 2000இல் ஒரு புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் இளைஞர்கள் பெரிய சிகரெட் கம்பெனியின் நியூயார்க் அலுவலக வாசலில் 1,200 பிணப்பைகளை அடுக்கினார்கள். புகையிலையால் அமெரிக்காவில் ஒரே நாளில் சாகிறவர்களின் கணக்கு அது. ‘புகைக்காதே’ என்று பிள்ளையை அதட்டாமல், உன்னை ஏமாற்றிச் சம்பாதிக்கிறவன் யார் என்று காட்டினார்கள். 1999 முதல் 2002 வரை மாணவர்களிடையே புகைப்பழக்கம் குறைந்ததில் சுமார் 22 சதவீதம் இந்தப் பிரச்சாரத்தின் பங்கு என்று ஆய்வு மதிப்பிட்டது. பதின்வயதின் கோபத்தை அடக்கப் பார்க்காமல் அதற்குச் சரியான திசையைக் காட்டியதே இதன் பலம் என்று நினைக்கிறேன்.

போஸ்டரை அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ‘நல்லா இருக்கா’ என்று கேட்காதீர்கள், ‘இதுல என்ன சொல்லியிருக்கு’ என்று கேளுங்கள். ஊசி வரைந்த போஸ்டரை நான் காட்டியபோது ஒரு பையன், “இது ஊசி போடுறவங்களுக்குத்தானே சார், உதட்டுல வைக்கிறது இதுல வராதுல்ல?” என்றான். அவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் புழங்கியது புகையிலைப் பொட்டலம்தான். எங்கள் போஸ்டரில் அது இல்லவே இல்லை.

ஏற்கெனவே சிக்கிக்கொண்ட பிள்ளையும் அந்தச் சுவரைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறான். அவனைப் பேயாக வரைந்தால் இன்னும் ஒளிந்துகொள்வான். போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண் 14446. அதை அடியில் பொடி எழுத்தில் போடாமல் நடுவில் பெரிதாக எழுதுங்கள்.