ஒரே திறன்பேசியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவுவது எப்படி

கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே வன்தட்டில் வைத்து, இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது பழகிப்போன வழக்கம். திறன்பேசியிலும் அது இயலும். ஆனால் இரண்டாவது இயங்குதளத்தை ஏற்றுவதைவிட, முதலாவதன் தரவு கெடாமல் பார்த்துக்கொள்வதே இங்கே கடினமான வேலை. அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்களில் பயனர் தரவு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதற்கான சாவிகள் போனின் மையச் சில்லின் (புராசஸரின்) பாதுகாக்கப்பட்ட பகுதியில், அந்தப் போனில் இயங்கும் ஆண்ட்ராய்டின் பதிப்போடும் அதன் நம்பகத்தன்மைச் சோதனையோடும் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரே தரவுப் பகுதியை இரண்டு ஆண்ட்ராய்டுகள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. அப்படிச் செய்ய முயன்றால் இரண்டில் ஒன்று தொடக்கத்திலேயே நின்று, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் "தரவு எங்கே தனியாக இருக்கிறது?" என்ற கேள்வியை வைத்தே எடைபோட வேண்டும்.

புதிய ஆண்ட்ராய்டுப் பதிப்பொன்றைச் சோதித்துப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், எதையும் பிரிக்கவோ உடைக்கவோ தேவையில்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் டைனமிக் சிஸ்டம் அப்டேட் என்ற வசதி உண்டு. சுருக்கமாக டிஎஸ்யு என்பார்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்திற்குச் சென்று பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் டிஎஸ்யு லோடர் என்ற பதிவு இருந்தால் உங்கள் போன் இதை ஏற்கிறது என்று பொருள்; பிக்சல் போன்களில் இதைக் காணலாம், வேறு பல போன்களில் தயாரிப்பாளர் இதை மறைத்தோ நீக்கியோ இருப்பார். அதைத் தட்டி, பட்டியலில் உள்ள பொதுவான சிஸ்டம் இமேஜ்களில் (இயங்குதளம் அடங்கிய கோப்புகளில்) ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அது பதிவிறங்கிப் போனின் காலி இடத்தில் தனிக் கோப்பாக அமரும். அதற்கென்று ஒரு புதிய தரவுப் பகுதியும் உருவாகும். பணி முடிந்ததும் வரும் அறிவிப்பில் ரீஸ்டார்ட்டை அழுத்தினால் புதிய ஆண்ட்ராய்டு எழும். மறுமுறை போனை மறுதொடக்கம் செய்தால் வழக்கமாகப் பழைய இயங்குதளமே திரும்பி வரும். கூகுளோ தயாரிப்பாளரோ கையொப்பமிட்ட இமேஜாக இருந்து, அந்தக் கையொப்பத்தைப் போன் ஏற்குமானால், பூட்லோடரின் (போன் எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க நிரலின்) பூட்டைத் திறக்கவே வேண்டாம். சேமிப்பகத்தில் ஏறத்தாழப் பாதியாவது காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் போனில் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு. மாறுவது சிஸ்டம் பகுதி மட்டுமே. கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) வன்பொருள் இயக்கிகளும் பழைய இயங்குதளத்தினுடையவை. எனவே ஆண்ட்ராய்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆண்ட்ராய்டைத்தான் இதில் வைக்க முடியும். லினக்ஸ் வழிவந்த போன் இயங்குதளங்களான உபுண்டு டச்சையோ போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸையோ இதில் ஏற்ற முடியாது. லினக்ஸ் கட்டளை வரி மட்டும் போதும் என்போருக்கு வேறொரு எளிய வழி 2025 மார்ச்சில் பிக்சல் போன்களுக்கு வந்தது: டெவலப்பர் ஆப்ஷன்ஸில் லினக்ஸ் சூழலை இயக்கினால், டெபியன் என்ற லினக்ஸ் ஒரு மெய்நிகர் இயந்திரமாக (மென்பொருளால் உருவான கணினியாக) ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஓடும். இது முறையான இரட்டை இயக்கம் அல்ல என்று தூய்மைவாதிகள் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால் பலருக்கு இதுவே கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

உண்மையிலேயே வேறுபட்ட இரண்டு இயங்குதளங்கள் வேண்டுமென்றால் பூட்லோடரைத் திறந்தாக வேண்டும். திறக்கும் கணத்தில் போனிலுள்ள தரவு முழுவதும் அழியும். இது பிழையன்று, பாதுகாப்புக்காக அப்படியே வடிவமைக்கப்பட்டது. ஆகவே படங்கள், தொடர்புகள், உரையாடல்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்புச் செயலியின் குறியீடுகள் அனைத்தையும் முதலில் வெளியே எடுத்து வைத்து, அந்தக் காப்புப் பிரதி திறக்கிறதா என்று வேறொரு கருவியில் சோதித்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் இயங்க மறுக்கலாம். சாம்சங் போன்களில் அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் மின்னுருகி (ஒருமுறை மட்டுமே மாறும் சில்லுக் குறி) எரிந்துவிடும். பழைய மென்பொருளையே மீண்டும் நிறுவினாலும் அது திரும்பாது. அன்றாடம் கையில் இருக்கும் ஒரே போனில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஒரு போன் இதற்குப் பொருத்தம்.

ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல போன்களில் ஏ, பி என இரண்டு ஸ்லாட்கள், அதாவது இயங்குதளத்துக்கான இரட்டை இடங்கள், உள்ளன. ஒன்றில் போன் ஓடும்போதே மற்றதில் புதுப்பிப்பை எழுதி வைப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆர்வலர்கள் இதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். உதாரணமாக, 2018இல் வந்த ஒன்பிளஸ் 6 போனில் ஏ ஸ்லாட்டில் ஆண்ட்ராய்டை வைத்துக்கொண்டு, பி ஸ்லாட்டின் பூட் பகுதியில் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ்ஸின் கெர்னலை எழுதி, அதன் கோப்புகளுக்குத் தரவுப் பகுதியைச் சுருக்கித் தனிப் பகுதி ஒன்றை உருவாக்குவார்கள். சுருக்குவதற்குமுன், சேமிப்பகம் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று காட்டும் பகுதிப் பட்டியலையும், ஐஎம்இஐ எண் முதலிய மோடம் விவரங்கள் உள்ள பகுதிகளையும் கணினிக்கு நகலெடுத்து வைக்க வேண்டும். அவை தொலைந்தால் போன் எழும், ஆனால் சிம் வேலை செய்யாது. எழுதுவதற்கு முன்னால், புதிய கெர்னலை ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து பூட்லோடருக்குக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக ஒருமுறை தற்காலிகமாக இயக்கிப் பார்க்கும் வசதி உங்கள் போனில் இருந்தால், அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். பிறகு இயங்குதளத்தை மாற்றுவது எளிது: போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுவந்து, கணினியிலிருந்து செயலிலுள்ள ஸ்லாட்டை மாற்றும் கட்டளையை அனுப்பினால் போதும்.

இந்த அமைப்பை அழிக்கக்கூடியது ஒன்று உண்டு: ஆண்ட்ராய்டின் தானியங்கிப் புதுப்பிப்பு. அது ஓய்விலுள்ள ஸ்லாட்டில்தான் எழுதும்; அங்கே உங்கள் லினக்ஸ் இருப்பது அதற்குத் தெரியாது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானியங்கி சிஸ்டம் புதுப்பிப்பை முதல் வேலையாக நிறுத்துங்கள். இன்னொன்று, இயங்குதளம் வெற்றிகரமாக எழுந்துவிட்டது என்று பூட்லோடருக்குச் சொல்லப்படாவிட்டால், சில முயற்சிகளுக்குப் பின் அது தானாகவே மற்ற ஸ்லாட்டுக்குத் தாவிவிடும்; போன் திடீரென்று ஆண்ட்ராய்டுக்கே திரும்பினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இத்தனை சிரமமும் இல்லாத போன் ஒன்று உண்டு. லினக்ஸுக்கென்றே வந்த பைன்போனின் மையச் சில்லு, உள் சேமிப்பகத்துக்கு முன்பாக மெமரி கார்டையே தேடும். கணினியில் ஒரு கார்டில் இமேஜை எழுதிச் செருகினால் அது எழும், கழற்றினால் உள்ளே இருப்பது எழும். பைன்போன் ப்ரோவில் இந்த வரிசை வேறு. ஐபோனில் எந்த வழியும் அதிகாரபூர்வமாக இல்லை.

நிறுவிய பின் சில நடைமுறைச் சிக்கல்கள் எஞ்சும். மெய்நிகர் இயந்திரம் தவிர மற்ற வழிகளில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளமே ஓடும் என்பதால், ஒன்றில் வந்த குறுஞ்செய்தி மற்றதில் இராது. ஒன்றில் வைத்த அலாரம் மற்றதில் அடிக்காது. வாட்ஸ்அப் எண்ணை இரண்டாவதில் புதிதாகப் பதிவுசெய்தால் முதலாவதில் வெளியேறிவிடும்.

பழைய நிலைக்குத் திரும்ப, டிஎஸ்யு என்றால் அதன் அறிவிப்பில் நீக்குவதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸ்லாட் முறை என்றால், தயாரிப்பாளரின் முழு மென்பொருளை இரு ஸ்லாட்களிலும் எழுதி, பகுதிகளை முன்பிருந்த அளவுக்கு மீட்டு, போன் ஒருமுறை சரியாக எழுவதைக் கண்ட பிறகே பூட்லோடரைப் பூட்ட வேண்டும்; மாற்றிய மென்பொருள் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் எழவே மறுக்கலாம், பூட்டும்போது தரவு மீண்டும் ஒருமுறை அழியும்.