கடல் நத்தை ஆய்வில் கணக்கு பிழைக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று இறுதியாண்டு ஆய்வறிக்கைகள் வரும். விலங்கியல் படிக்கும் பிள்ளைகள், தமிழில் பேசி விளங்கிக்கொள்ள ஆள் தேடி வருகிறார்கள். உண்ணத்தக்க கடல் நத்தைகளின் வளர்ச்சி, ஆண் பெண் விகிதம் என்பது அடிக்கடி வரும் தலைப்பு. கணக்கை அநேகமாகச் சரியாகத்தான் செய்கிறார்கள். பிழை அதற்கு முன்பே, நத்தை கூடைக்குள் வரும்போதே நடந்துவிடுகிறது.

வியாபாரியிடம் வாங்கிய நூறு நத்தையை வைத்துக் ‘குடித்தொகை’ என்று எழுதுகிறார்கள். குளியாளி பெரியதைப் பார்த்து எடுக்கிறார். இரை வைத்த கூட்டுக்குள் வருவது பசித்த நத்தை மட்டும். பெண் பெரிதாக வளரும் இனமென்றால், பெரியதைப் பொறுக்கிய கூடையில் பெண்தான் கூடுதலாக இருக்கும். அது பொறுக்கியவரின் கைவிகிதம், கடலின் விகிதம் அல்ல. முடிந்தால் கட்டம் போட்டு அதற்குள் கிடந்த அத்தனையையும், குஞ்சு உட்பட எடுங்கள். முடியாவிட்டால், எப்படி வந்த மாதிரி என்பதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஆண் பெண் பிரிப்பில்தான் நான் அதிகம் சண்டை பிடிக்கிறேன். சங்கு, பாபிலோனியா போன்றவற்றில் ஆணுக்கு வலது உணர்கொம்பின் பின்னால் ஆண்குறி தெரியும். அது இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று பட்டியல் நிரப்புவது ஆபத்து. முதிராத ஆணில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கும். அத்தனையும் பெண் பக்கம் விழுந்துவிடும். ‘பால் தெரியவில்லை’ என்று மூன்றாவது நிரல் ஒன்று கட்டாயம் வேண்டும். எதிர்த்திசைப் பிழையும் உண்டு. 1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில் பெண் நத்தைகளிலேயே ஆண்குறி முளைத்திருப்பதைக் கண்டார்கள். காரணம், கப்பலின் அடியில் பாசி, கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசிய டிரைபியூட்டில்டின் என்ற நச்சு இரசாயனம் கலந்த வர்ணம் என்பது பிறகு தெரிந்தது. அந்த வர்ணத்தைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2008 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கொழும்பு போல் கப்பல் நெருக்கும் துறைமுகத்தருகே மாதிரி எடுப்பவர் இதை மறக்கவே கூடாது. ஓட்டை உடைத்து, முட்டை உறை செய்யும் சுரப்பி இருக்கிறதா என்று பார்த்தால்தான் பெண் பெண்ணாகத் தெரியும்.

டர்போ நத்தையில் ஆண்குறியே கிடையாது. சூலகம் பச்சை, விதை வெண்மஞ்சள்; அந்த நிறம்தான் சாட்சி. அவித்த நத்தையிலோ, நீண்ட நாள் மதுசாரத்தில் கிடந்ததிலோ நிறத்தை நம்பிப் பிரிக்கக் கூடாது. ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறும் இனங்களும் உண்டு, கிரெப்பிடுலா போல. அவற்றில் சிறியது ஆண், பெரியது பெண் என்றிருப்பதே இயல்பு. ஒன்றுக்கு ஒன்று வரவில்லை என்று அங்கே பதறத் தேவையில்லை.

விகிதத்தைச் சோதிக்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 60 பெண், 40 ஆண் என்றால் கை-வர்க்கப் பெறுமானம் (ஒன்றுக்கு ஒன்று என்ற எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் எண்) 4.0, 5 சதவீத மட்டத்தில் எல்லை 3.84, ஆகவே வேறுபாடு உண்டு. 30க்கு 20 என்றால் அதே விகிதம்தான், பெறுமானமோ வெறும் 2.0. இதை ‘சமம் என நிரூபணமானது’ என்று எழுதுகிறார்கள். நிரூபணம் ஒன்றும் ஆகவில்லை, மாதிரி போதவில்லை. பன்னிரண்டு மாதத்தையும் ஒன்றாகக் கொட்டுவதும் தவறு. முட்டையிடக் கூடியிருந்த ஒரே கூட்டம் முழு வருடத்தின் விகிதத்தையும் இழுத்துவிடும்.

நிறைக்கும் நீளத்துக்கும் உள்ள தொடர்பில், நிறை நீளத்தின் எத்தனையாவது அடுக்காக ஏறுகிறது என்று பார்க்கிறோம். அந்த அடுக்கு 3 என்றால் உடல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வளர்கிறது. நீளம் இரட்டித்தால் நிறை 8 மடங்கு. அடுக்கு 2.7 என்றால் சுமார் 6.5 மடங்குதான். 2.9 வந்தவுடனே ‘மெலிந்த வளர்ச்சி’ என்று முடிவு கட்டாதீர்கள். நியம வழு (மதிப்பீடு எவ்வளவு தளம்பக்கூடும் என்ற அளவு) 0.08 என்றால் அது 3இலிருந்து வேறுபட்டது என்று சொல்ல முடியாது, 0.03 என்றால் சொல்லலாம். நிறுக்கும் முன் ஓட்டைக் கவிழ்த்து, எல்லா நத்தைக்கும் ஒரே நேரம் நீர் வடியவிடுங்கள். கொட்டலசைச் சுரண்டுங்கள். உள்ளே இருப்பது நத்தைதானா, துறவி நண்டா என்று பாருங்கள். இரை வைத்த கூட்டில் இரண்டும் வரும். நுனி உடைந்த ஓட்டின் நீளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சங்கு என்றால் இன்னொரு சிக்கல்: வியாபாரத்தில் அளவு என்பது அகலம், ஆய்வில் பெரும்பாலும் நீளம். மட்டக்குளியில் உள்ள நாரா (தேசிய நீர்வாழ் வள ஆய்வு நிறுவனம்) நூலகத்தில் பழைய அறிக்கை புரட்டி ஒப்பிடுகிறவர்கள், எது அளக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐவிரல் சங்கைத் தேர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அது முதிர்ந்ததும் நீளத்தில் வளர்வதை நிறுத்திவிடும்; ஓட்டின் வாய் விளிம்பில் விரல்கள் முளைக்கும், ‘உதடு’ எனும் அந்த விளிம்பு தடிக்கும். நீளத்தை வைத்து வயது சொன்னால் இளையதும் கிழடும் ஒன்றாகிவிடும். இதற்கு உதட்டின் தடிப்பை அளக்க வேண்டும், ஒவ்வொரு ஓட்டிலும் அதே இடத்தில்.